தொடக்கப் பள்ளியில் முளைக்கும் குடிமை

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்து ஆண்டுகள் தொய்வின்றி நடப்பது எளிய செயலன்று. கூட்டத்திற்கு இடம் தேட வேண்டும். அழைப்பிதழ் அச்சிடப் பொருள் தேட வேண்டும். வந்தமர்ந்தோர் பத்துப் பேரே ஆனாலும் குறித்த நேரத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடங்க வேண்டும். அந்த உறுதியை இவ்வட்டம் காத்து வந்திருக்கிறது. அதற்கு முதலில் என் பாராட்டு. 'தொடக்கப் பள்ளியில் மதிப்பும் நற்குடிமையும்' என்னும் தலைப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியனாகவே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஆகவே புலமை உரையாக அன்றி, வகுப்பறையில் கண்டதையும் கற்றதையும் முன்வைக்கும் உரையாக இதனை ஏற்க வேண்டுகிறேன்.

இது இலக்கிய மேடை. எனவே சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

'குடிமை' என்பது திருக்குறளின் 96ஆம் அதிகாரத்தின் பெயர். அங்கே அச்சொல் நற்குடியிற் பிறந்தாரின் தன்மையைக் குறிக்கிறது. 'குடிமகன்' என்ற சொல்லுக்கு நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் இன்னொரு பொருள் வழங்கி வந்தது. ஊருக்கு முடிதிருத்தும் தொழிலாளியைக் குடிமகன் என்றனர். ஊர்த்தொழில் செய்து களத்துமேட்டில் கூலியாகத் தானியம் பெறுவோரைக் குடிமக்கள் என்றனர். உயர்ந்த குடியிற் பிறந்தவனைச் சுட்டவும், ஊருக்கு ஊழியம் செய்பவனைச் சுட்டவும் ஏறத்தாழ ஒரே சொல்லைத்தான் நாம் வைத்திருந்தோம். பிறப்பைப் பார்த்தே இரண்டு பொருளும் அமைந்தன. 1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், பிறப்பை நீக்கிவிட்டு, இந்நாட்டவர் அனைவருக்கும் ஒரே தகுதியை வழங்கியது. அத்தகுதிக்கும் தமிழில் 'குடிமை' என்றே பெயர் அமைந்தது. சொல் பழையது, பொருள் முற்றிலும் புதியது. அந்தப் புதிய பொருளை ஊர் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் கற்பிக்கும் கடமை தொடக்கப் பள்ளியைச் சேர்ந்தது.

'மரியாதை' என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். வடமொழியில் அதற்கு எல்லை, வரம்பு என்பது பொருள். யார் எந்த வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதே மரியாதையாக இருந்திருக்கிறது. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எத்தனை பூசல்கள், எத்தனை வழக்குகள்! பரிவட்டம் ஒருவர் தலையில் ஏறுவதே அது மற்றவர் தலையில் ஏறாததனால்தான் பெருமை ஆகிறது. 'மதிப்பு' என்ற தமிழ்ச்சொல் வேறு வகையானது. மதித்தல் என்றால் ஒன்றன் தகுதியை எண்ணி அறிதல். ஒருவரை மதிப்பதால் இன்னொருவருக்குக் குறைவு வருவதில்லை. பள்ளியில் நாம் கற்பிக்க வேண்டியது இந்த மதிப்பே. ஆனால் மதிப்பு என்று பெயரிட்டு மரியாதையைக் கற்பித்துவிடும் வழக்கம் நமக்கு இருக்கிறது.

பெரியோர்களே! குழந்தை பள்ளிக்கு வரும்போது எழுதாத பலகையாக வருவதில்லை. ஐந்து வயதுக்குள் அது மரியாதைப் பாடத்தை நன்கு படித்து முடித்திருக்கிறது. 'மூத்தோரை மதிக்க வேண்டும்' என்று நாம் வகுப்பில் சொல்கிறோம். பிள்ளைகளும் ஒரே குரலில் திருப்பிச் சொல்கின்றனர். ஆனால் அதே பிள்ளை, மாலையில் வயல் வரப்பில் எதிர்ப்படும் எழுபது வயது முதியவரை 'நீ', 'வா', 'போ' என்று ஒருமையில் விளிக்கிறது. முதியவரோ அப்பிள்ளையை 'வாங்க தம்பி' என்கிறார். அது அந்தப் பிள்ளையின் குற்றமன்று. எந்த மூத்தவர் மூத்தவர், எந்த மூத்தவர் மூத்தவர் அல்லர் என்பதை வீடும் தெருவும் அதற்கு முன்னரே கற்பித்துவிட்டன. ஆகவே, 'மூத்தோரை மதி' என்று நூறு முறை சொல்லிக் கொடுத்தாலும், 'எல்லா மூத்தோரையும் மதி' என்று ஒருமுறையேனும் விளக்காவிட்டால், நாம் ஊரின் பாடத்தையே மறுபடியும் நடத்தியவர்கள் ஆகிறோம். என் உரையின் சாரம் இதுதான்: மேலே இருப்போருக்குப் பணிவதை மட்டும் கற்ற பிள்ளை, கீழே இருப்பதாகக் கருதுவோரைப் பணியவைக்கவும் சேர்த்தே கற்கிறது. சமமானவர்களிடையே பிறக்கும் மதிப்பு ஒன்றுதான் குடிமைக்கு அடித்தளமாகும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தீண்டாமையைப் பாவச்செயல் என்றும், பெருங்குற்றம் என்றும், மனிதத்தன்மையற்ற செயல் என்றும் கூறும் மூன்று வாக்கியங்களைப் பல்லாண்டுகளாக அச்சிட்டு வந்தோம். பாடநூலைத் திறந்த ஒவ்வொரு பிள்ளையின் கண்ணிலும் அவை பட்டிருக்கின்றன. சொல்லளவில் குறையில்லை. ஆயினும் பாடநூல் சொன்னதற்கும் பிள்ளை கண்டதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் அறிவிப்பு வரும், வேட்புமனு வராது. அப்படியே ஒருவர் நின்று வென்றாலும் உடனே பதவி விலக நேரும். இந்நிலை பத்து ஆண்டுகள் நீடித்தது. 2006ஆம் ஆண்டு அக்டோபரில்தான், அன்றைய மாவட்ட ஆட்சியர் திரு. த. உதயச்சந்திரன் காலத்தில், முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1996 சூன் மாதம் அவ்வூர்களில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 2006 கோடையில் பத்தாம் வகுப்பை முடித்திருக்கும். குடிமையியல் பாடத்தில் 'ஊராட்சித் தலைவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்' என்று எழுதி அது மதிப்பெண் பெற்றிருக்கும். அதன் பள்ளிக்காலம் முழுவதிலும் அதன் ஊரில் அது நடக்கவே இல்லை. பிள்ளை எதை நம்பும்? தேர்வுத்தாளில் எழுதியதையா, தெருவில் கண்டதையா?

மேலூர்ப் பக்கம் மேலவளவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. ஒதுக்கீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன், 1997 சூன் 30 அன்று தம் தோழர்களோடு படுகொலை செய்யப்பட்டார். மக்களாட்சி அளித்த பதவியில் அமர்ந்ததே அவர் செய்த 'குற்றம்'. அந்தப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்தவர்தாம் கக்கன். 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர். பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கித் தூய்மைக்கு இலக்கணமானவர். கக்கனைத் தந்த அதே மண்ணில்தான் முருகேசன் வீழ்ந்தார். ஒரு தலைமுறை திறந்த கதவு, அடுத்த தலைமுறைக்குத் தானாகவே திறந்து கிடக்கும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையும் முதல் வகுப்பிலிருந்து அதைக் கற்க வேண்டும்.

'அவை பழங்கதைகள், பெரியவர்களின் அரசியல்' என்று சிலர் கூறலாம். அப்படியானால் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை என்னென்பது? தொல்லை தாங்காமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தான் பட்டியல் சாதி மாணவன் ஒருவன். அதுபற்றி அவன் முறையிட்டதற்காக உடன் பயின்ற மாணவர்களே இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் பள்ளிச் சீருடை அணியும் வயதினர். அவர்கள் அந்த வெறுப்பை மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த அன்று கற்றிருக்க முடியாது. யாரை ஏவலாம், யாரிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பலாம் என்ற பழக்கம் அதற்கு வெகுமுன்னரே வேர்விட்டிருக்க வேண்டும்.

அந்நிகழ்ச்சியை அடுத்துத் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களை ஒருநபர்க் குழுவாக அமர்த்தியது. அவர் 2024 சூன் மாதம் அறிக்கை அளித்தார். அதன் பரிந்துரைகளை ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது; மாணவரைச் சாதி சுட்டி அழைக்கக் கூடாது; அகர வரிசையில் அமர வைக்க வேண்டும்; கையில் வண்ணக் கயிறு முதலிய அடையாளங்கள் கூடா; உதவித்தொகை விவரத்தைப் பிறர் அறிய வகுப்பில் அறிவிக்கக் கூடாது; அறநெறிக்கெனப் பாடவேளை வேண்டும் என்பன அவற்றுட் சில. வண்ணக் கயிறுகளைப் பற்றி 2019ஆம் ஆண்டிலேயே கல்வித்துறையிலிருந்து சுற்றறிக்கை சென்றது. ஆனால் அது நடைமுறையில் நிலைக்கவில்லை. இப்பரிந்துரைகளில் பெரும்பாலானவை பாடநூலைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனியுங்கள். பதிவேடு, பலகை, இருக்கை, கயிறு, பெயர் என்று நாம் அற்பமாகக் கருதும் பொருள்களைப் பற்றியவை. பிள்ளை உண்மையில் பாடம் கற்பது அவற்றிடமிருந்துதான் என்பதை நீதியரசர் உணர்ந்திருக்கிறார்.

பள்ளிப் பெயர்களில் சாதிப்பெயர் நீங்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு நம் மாவட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. அதையும் நாம் நேர்மையோடு அணுக வேண்டும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் பின்னணி வேதனை மிக்கது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் ஒரு சமுதாயத்தில் பிறந்த குழந்தையையே பிறவிக் குற்றவாளி என்றது ஆங்கில அரசு. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் படுத்துறங்க வேண்டும். 'ரேகைச் சட்டம்' என்றே மக்கள் அதை வைதனர். அதனை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவர்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் அப்பகுதி மக்கள் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். அந்தப் போராட்டத்தின் பின் வந்த பள்ளிகள் இவை. பெயரை எடுத்தால் நினைவும் உரிமையும் போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சுவதை ஏளனம் செய்யலாகாது.

ஆயினும் அவர்களிடம் நான் அன்போடு கேட்பது ஒன்றுண்டு. பிறப்பை வைத்து ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்துவது எத்தகைய கொடுமை என்பதை உங்கள் பாட்டன்மார் உயிர் கொடுத்து உணர்த்தினர் அல்லரோ? அப்படியிருக்க, பிறப்பின் முத்திரையை எந்தப் பிள்ளையின் பள்ளி வாயிலிலும் நாம் ஏன் எழுதி வைக்க வேண்டும்? பெருங்காமநல்லூர் வரலாறு பாடமாக இருக்கட்டும். எல்லாப் பள்ளியிலும் இருக்கட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளையும் அதைப் படித்துக் கண்கலங்கட்டும். அதேபோல் கள்ளர் சீரமைப்புப் பள்ளிப் பிள்ளை மேலவளவைப் படிக்கட்டும். ஒருவர் காயத்தை மற்றவர் அறிவதிலிருந்துதான் மதிப்புப் பிறக்கும். பெயர்ப்பலகையைவிட அந்தப் பாடம் நினைவை நன்றாகக் காக்கும்.

இனித் தொடக்கப் பள்ளியின் அன்றாடத்திற்கு வருகிறேன். நற்குடிமையைக் கற்பிக்கத் தனி நூல் தேவையில்லை. நான்கு இடங்கள் போதும். அவை தட்டு, துடைப்பம், பிரம்பு, பெயர்.

முதலில் தட்டு. 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நம் மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டு தொடங்கிவைத்தார். 1,545 பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. இதைப் பசி தீர்க்கும் திட்டம் என்று மட்டும் காண்பது போதாது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே கரண்டியால் பரிமாறப்பட்டதை உண்ணும் பிள்ளைக்கு, சமத்துவம் என்னும் சொல் தெரியாவிட்டாலும் அதன் சுவை தெரிந்துவிடுகிறது. அதனாற்றான் சிலர் அஞ்சுகின்றனர். சமைப்பவர் பட்டியல் சாதியினர் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ண விடாத பெற்றோரைப் பற்றிய செய்தி 2023இல் கரூர் மாவட்டத்திலிருந்து வந்தது. மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அந்த உணவை உண்ண வேண்டியதாயிற்று. ஆட்சியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியர் நாள்தோறும் அந்த வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டால் அதுவே போதிய அறப்பாடம். சமைக்கும் அம்மையாரை அவர் பன்மையில் விளித்து, உண்டபின் ஒரு நன்றி கூறினால் அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது துடைப்பம். பள்ளியைத் தூய்மை செய்யும் பணியில் பிள்ளைகளை ஈடுபடுத்தலாமா கூடாதா என்ற வழக்கு நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் எல்லோரும் முறைவைத்து வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் துடைக்கின்றனர்; முறைவைத்தே நண்பகல் உணவையும் பரிமாறுகின்றனர். மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே துணியைப் பிழிகின்றனர். அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஒழுக்கக் கல்வி 2018இல்தான் முறையான பாடமாக ஆக்கப்பட்டது. துடைப்பமோ அதற்கு நெடுங்காலம் முன்னரே கையில் இருந்தது. அதைச் சுட்டி 'நம் பிள்ளைகளும் பெருக்கட்டும்' என்போர், நம் பள்ளிகளில் துடைப்பம் யார் கைக்குப் போகிறது என்று கவனிக்க வேண்டும். பெண்பிள்ளைகள் பெருக்க, ஆண்பிள்ளைகள் பந்தாடுவர். கழிப்பறை என்றால் குறிப்பிட்ட தெருவின் பிள்ளைகளைக் கண் தேடும். இதனைச் செய்யும் பள்ளி, எத்தனை நீதிக்கதை சொன்னாலும் சாதியைத்தான் கற்பிக்கிறது. கழிப்பறைப் பணிக்கு ஊதியம் பெறும் பணியாளர் வேண்டும். வகுப்பறையைப் பெருக்குவதானால் வருகைப் பதிவேட்டு வரிசையில், ஆண் பெண் வேற்றுமையின்றி அனைவரும் பெருக்க வேண்டும். ஆசிரியரின் பெயரும் அவ்வரிசையில் இருக்குமானால் மிக நன்று.

மூன்றாவது பிரம்பு. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தன் கல்வி விதியைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கியது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு போனதால் மரியாதை போயிற்று என்று என் நண்பர்கள் பலர் வருந்துவதுண்டு. அவர்கள் வருத்தத்தை நான் இழித்துரைக்க மாட்டேன். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தி, இடையிடையே கைப்பேசிச் செயலியில் கணக்குகளைப் பதிந்து, கூடவே பாடமும் முடிக்க வேண்டிய நிலையில் பொறுமை குன்றுவது இயல்பே. ஆசிரியரை மதிக்காத நிருவாகம், பிள்ளையை மதிக்கும் ஆசிரியரை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. இருந்தபோதிலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடிபட்ட பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? வலியவன் அடிக்கலாம் என்பதைத்தானே? பின்னர் அவன் வலியவன் ஆகும்போது அரிவாள் எடுத்தால் நாம் வியப்பதற்கில்லை. அச்சத்தால் எழுந்து நிற்கும் பிள்ளை, ஆசிரியர் முகம் மறைந்ததும் அமர்ந்துவிடும். மதிப்பால் எழுந்து நிற்கும் பிள்ளையோ நாற்பது ஆண்டு கழித்துப் பேருந்தில் கண்டாலும் எழுந்து இடம் தரும். இதனை ஆசிரியராக இருந்தோர் அனைவரும் அறிவர்.

நான்காவது பெயர். பிள்ளையை அதன் முழுப்பெயரால் அழையுங்கள். கறுப்பன், கட்டையன், இன்னார் தெருவான் என்பவை பெயர்கள் அல்ல. பிள்ளை ஒன்றைச் சொல்ல வந்தால், குறுக்கிடாமல் முடிக்க விடுங்கள். வகுப்புக்கு ஒரு தலைவனை ஆசிரியர் நியமிப்பதை விடுத்து, திங்களுக்கு ஒருமுறை பிள்ளைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். தோற்றவன் வென்றவனுக்குக் கைகொடுக்கட்டும். முன்பு சொன்னேனே, பாப்பாபட்டியில் பத்தாண்டுகள் நடவாத ஒன்று. அதை ஏழு வயதில் ஒருமுறை கண்டுவிட்ட பிள்ளைக்கு எழுபதிலும் மறக்காது.

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று ஐயுறுவோர்க்கு நம் மதுரையே விடை தருகிறது. 1995இல் இங்கே தோன்றிய மக்கள் கண்காணிப்பகம், 1997 முதல் தன் மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் வழியாகப் பள்ளிகளில் இக்கல்வியை நடத்தத் தொடங்கியது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மூன்றாண்டுப் பாடத்திட்டம். முதலாண்டில் மனித உரிமை அறிமுகம், இரண்டாமாண்டில் குழந்தை உரிமை, மூன்றாமாண்டில் பாகுபாடுகள் என்று அமைத்தனர். அம்முயற்சி நாளடைவில் பதினெட்டு மாநிலங்களில் ஏறத்தாழ 4,000 பள்ளிகளுக்குப் பரவியது. அமெரிக்கப் பேராசிரியர் மோனிஷா பஜாஜ் அதை ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். பாடம் நடத்திய ஆசிரியர்களே முதலில் மாறினர், பிரம்பைக் கீழே வைத்தனர் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. பிள்ளைகள் தம் வீட்டிலும் ஊரிலும் கண்ட அநீதியைத் தட்டிக்கேட்க முற்பட்டனர். அதற்குச் சில இடங்களில் எதிர்ப்பும் கிளம்பியது என்பது இன்னொன்று. வேலியில்லாமல் வெளியே அனுப்பிய நாற்று மிதிபடும். எனவே பிள்ளைக்குத் துணிவைக் கற்பிக்கும் பள்ளி, துணைநிற்கவும் அணியமாக இருக்க வேண்டும்.

அறநூல்களுக்கு இடமில்லையா என்று தமிழன்பர்கள் கேட்பீர்கள். நிச்சயம் உண்டு. ஔவையின் ஆத்திசூடியும் வள்ளுவரின் குறளும் நம் பிள்ளைகளின் பிறப்புரிமை. 2016ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறத்துப்பாலும் பொருட்பாலும் விரிவாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று அறிவுறுத்தியதை நாம் வரவேற்றோம். ஆனால் வாரம் ஒருமுறை வரும் நீதிபோதனை வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு ஈந்துவிட்டு, குறளை மனப்பாடப் போட்டிக்கு மட்டும் வைத்திருந்தால் பயன் இல்லை. குறளை ஒப்பித்துப் பரிசு பெற்ற பிள்ளை, பரிசுத் தட்டை ஏந்தி நின்ற பணியாளரைப் பார்த்து ஒரு சொல் நன்றி கூறியதா என்று பாருங்கள். கூறியிருந்தால் அதுவே குறளைக் கற்ற பிள்ளை.

உரிமையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அடங்காமல் போவர் என்ற அச்சத்திற்கும் விடை கூறிவிடுகிறேன். உரிமை என்பது எனக்கு மட்டும் உரியதென்று கற்றால்தான் அடங்காமை வரும். பக்கத்து இருக்கைக்காரனுக்கும் அதே உரிமை உண்டென்று கற்ற கணத்தில் அது கடமையாக மாறிவிடுகிறது. தண்ணீர்க் குழாயில் வரிசையாக நிற்பதும், தன் முறை வந்ததும் நிறைவாகக் குடிப்பதும், அடுத்தவனுக்கு வழிவிடுவதும் இதன் தொடக்கம். முதல் வகுப்புப் பிள்ளைக்கு இது முழுமையாகப் புரியும். சில நேரம் பெரியவர்களாகிய நமக்குத்தான் புரிவதில்லை.

இறுதியாக இந்த இலக்கிய வட்டத்திற்கு இரண்டு வேண்டுகோள்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உங்களுள் தொடக்கப் பள்ளியில் பிள்ளையை வைத்திருப்போர் அக்கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லுங்கள். கையெழுத்து மட்டும் இட்டுத் திரும்பாமல், தட்டும் துடைப்பமும் பிரம்பும் பெயரும் எவ்வாறு உள்ளன என்று அன்போடு கேளுங்கள். ஆசிரியர்க்கு வேண்டுவதையும் கேட்டு, அவர்களுக்காக அரசிடம் பேசுங்கள்.

மற்றது, விழாக்களைப் பற்றியது. ஆண்டுதோறும் அறிஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அடுத்த ஆண்டு முதல், நம் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றில் காலை உணவு சமைக்கும் அம்மையார் ஒருவரையும், தூய்மைப் பணியாளர் ஒருவரையும் இதே மேடைக்கு அழையுங்கள். அறிஞர்க்குப் போர்த்தும் அதே பொன்னாடையை, அதே வரிசையில் அமரவைத்து அவர்களுக்கும் போர்த்துங்கள். முன்வரிசையில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். உரை எதுவும் வேண்டாம். குடிமகன் என்ற சொல்லுக்கு இந்நாட்டின் அரசியலமைப்பு எழுதிய பொருளை அவர்கள் கண்ணால் கண்டு செல்வார்கள்.